கல் காணவில்லை

எனக்கு வேலை குச்சி பிடிப்பது.
சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி அடித்த
நாலு மீட்டர் குச்சி.
ஜெயசீலன் சார் கருவிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு
"லெஃப்ட்ல வா, இன்னும், இன்னும், நில்லு" என்பார்.
நிற்பேன்.
நான் நின்ற இடங்களில் பிறகு தண்டவாளம் வரும்.
நாள் கூலி அறுநூற்று ஐம்பது, சோறு சொந்தம்.

எண்ணூர் தாண்டி உப்பளத்தெரு ஓரமாக
புதுப் பாதை போகிற வழியில் ஒரு கல் இருந்தது.
முழங்கால் உயரம். மாநகராட்சி என்று வெட்டியிருக்கும்.
எண் பதினேழு.
கல்லுக்குத் தெற்கே சென்னை.
வடக்கே என்னவென்று கல்லில் போடவில்லை.

தண்ணி லாரி கல்லோடு திரும்பிவிடும்.
கொசுமருந்து வண்டி
புகையை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பிவிடும்.
அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்கு வார்டு நம்பர் தெரியாது,
இரண்டு பக்கத்துக் கொடித்துணியிலும்
வந்து உட்காரும்.

முதல் நாள் அளந்தபோது
கல் தேசம்மாள் வீட்டுக்குத் தெற்கே இருந்தது.
மறுநாள் காலையில் வடக்கே.
பதினோரு மீட்டர் நடந்திருந்தது.
சார் லென்ஸைத் துடைத்தார், பேட்டரியை மாற்றினார்,
கடைசியில் என்னைப் பார்த்தார்:
"நேத்து குடிச்சியாடா?"
தேசம்மாள் வாசலில் காலிக் குடங்களை
லாரிக்கு வரிசை வைத்துக்கொண்டிருந்தாள்.
அவள் நகக்கண்ணெல்லாம் ஈரமண்.
"இன்னா சார், எங்கள மெட்ராஸ்ல சேத்துக்கினீங்களா?" என்றாள்,
அவளுக்குத் தெரியாததுபோல.

புதன்கிழமை கல் தெற்கே போயிருந்தது.
இது குப்புராஜ் வேலை.
மேலே ஒரு மாடி எடுக்கக் கம்பி இறக்கி வைத்திருக்கிறார்.
"சிட்டின்னா பிளான் கேப்பான், வரி கேப்பான்,
தண்ணியா குடுப்பான்?"
வியாழன் வடக்கே.
வெள்ளி மறுபடி தெற்கே, கொஞ்சம் சாய்ந்து,
அவசரத்தில் நட்டது.
அந்த வாரம் முழுக்கச் சென்னை
ராத்திரியில் வளர்ந்து ராத்திரியில் சுருங்கியது,
ஒரு ஆபீசுக்கும் தகவல் இல்லாமல்.
குச்சி பிடிக்கிறவனுக்குத் தெரியும்.
குச்சி பிடிக்கிறவனை யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தாலும் என்ன சொல்வேன்.
நான் பொன்னேரி. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் போகிற யூனிட்டில்
கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.
வண்டி பேசின் பிரிட்ஜ் சிக்னலில் நிற்கும்.
தண்டையார்பேட்டையில் ஏறின அக்கா
பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு
போனில் சொல்வாள்:
"மெட்ராஸ் வந்துட்டேன்."
அப்போ நீ எங்கேர்ந்துக்கா ஏறினே?
கேட்டதில்லை. இறங்குகிற நெரிசல்.

திங்கட்கிழமை கல் இரண்டு இடத்திலும் இல்லை.
குழி மட்டும் இரண்டு,
ஒன்றில் நண்டு.
சார் என்னைத் தேட அனுப்பினார்.
மூன்றாவது சந்தில், இந்தச் சண்டை எதிலும் இல்லாத ஒரு பெண்,
புதுசாகக் கல்யாணமாகி வந்தவளாக இருக்க வேண்டும்,
பைப்படியில் அதைப் படுக்கப்போட்டு
யூனிஃபார்ம் சட்டை கும்மிக்கொண்டிருந்தாள்.
எழுத்து மேல்பக்கம்.
"மா"வின் வளைவில் சோப்பு நுரை தேங்கியிருந்தது.
"வேணுமாண்ணா?" என்றாள்.
தூரத்தில் சார் என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்.
"நீ தோய்ச்சிக்கோ."

சார் குறிப்பேட்டில் எழுதினார்:
கல் எண் 17, காணவில்லை.
எழுதிவிட்டு வடக்கே கை நீட்டினார்.
நான் குச்சியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

செவ்வாய் காலை தண்ணி லாரி வந்தது.
திரும்புகிற இடம் தெரியாமல் டிரைவர்
ஓட்டிக்கொண்டே போனான்,
தேசம்மாள் வீட்டைத் தாண்டி, டீக்கடை தாண்டி,
மஞ்சள் பெயிண்டில் நாங்கள் நம்பர் போட்ட சுவர்களைத் தாண்டி,
சேறு வரும்வரை.
பின்னாலேயே குடங்கள் ஓடின.